சூடாறாப்பெட்டிக்குள் ஐஸ்

சூடாறாப்பெட்டி என்றால் என்ன என்று கன்னியாகுமரி மாவட்டத்தின் விளவங்கோடு, கல்குளம் பக்கத்துப் பெரியவர்களிடம் விளக்க வேண்டியதில்லை. மக்களிடையே அறிவியலைக் கொண்டுசெல்லும் கேரள சாஸ்திர சாகித்ய பரிஷத் என்ற இயக்கம் வீடுகளில் பரப்பிய பெட்டி அது. அரிசியைச் சிறிது நேரம் கொதிக்கவிட்டு, பானையோடு தூக்கிப் பெட்டிக்குள் வைத்து மூடினால் மீதி வேக்காடு தீயில்லாமல் நடந்துவிடும். அங்கே தெர்மோகோலில் செய்தார்கள். எங்கள் தொடக்கப் பள்ளியில் நான்காம், ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வெப்பம் பாடம் வந்தபோது, அதே பெட்டியைக் கதம்பை நாரில் செய்து பார்க்கலாம் என்று தோன்றியது. தேங்காய் உரித்த கதம்பை இந்த மாவட்டத்தில் எந்த வீட்டுக் கொல்லையிலும் சும்மா கிடக்கும்.

எரிவாயுவை மிச்சம் பிடிப்பது என் நோக்கமல்ல. கம்பளி சூடு தரும், போர்வை சூடு தரும் என்று பிள்ளைகள் உறுதியாக நம்புகிறார்கள். வெப்பம் பரவும் வழிகள் கடத்தல், சலனம், கதிர்வீச்சு என்று மூன்றையும் மனப்பாடமாக ஒப்பித்து மதிப்பெண் வாங்கிய பிறகும் அந்த நம்பிக்கை இம்மியும் அசையாது. பெரியவர்களில் பலருக்கும் அதே நிலைதான். சூட்டைக் காக்கும் பெட்டிக்குள்ளேயே ஐஸை வைத்துக் காட்டினால் ஒழிய இது தீராது என்று முடிவு செய்தேன். பெட்டி கடைசியில் வரட்டும், அதற்கு முன் சில சில்லறை வேலைகள் இருந்தன.

முதல் வேலை தெர்மாமீட்டர். காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டர் இதற்கு உதவாது. அது 42 டிகிரியோடு நின்றுவிடும். வெந்நீரில் விட்டால் உடையும். பாதரசம் உள்ள எதையும் சின்னப் பிள்ளைகள் பக்கம் கொண்டுவரக் கூடாது என்பது என் கட்சி. நாகர்கோவிலில் சிவப்புத் திரவம் நிரப்பிய, 110 டிகிரி வரை காட்டும் ஆய்வகத் தெர்மாமீட்டர் இரண்டும், சமையலறையில் பயன்படும் கம்பி முனை டிஜிட்டல் ஒன்றும் வாங்கினேன். நொறுக்கிய ஐஸில் கொஞ்சம் தண்ணீர் விட்டுக் கலக்கினால் அது 0 டிகிரி. மூன்றையும் அதில் நிறுத்தினோம். சிவப்பு இரண்டும் ஒழுங்காக 0 காட்டின. டிஜிட்டல் 1 என்றது. அதன் முதுகில் ‘ஒன்று கழிக்கவும்’ என்று எழுதி ஒட்டினோம். விலை அதிகமான கருவி தப்பாகச் சொல்கிறது, மலிவானவை சரியாகச் சொல்கின்றன என்பதில் பிள்ளைகளுக்கு ஏக மகிழ்ச்சி.

அடுத்தது கையின் யோக்கியதையைப் பார்ப்பது. காலையில் வெயில் ஏறுவதற்கு முன், வகுப்பறையில் உள்ள பொருள்களைத் தொட்டு, மிகக் குளிர்ந்ததிலிருந்து வரிசையாக எழுதச் சொன்னேன். ஜன்னல் கம்பி முதலிடம் பிடித்தது. பிறகு சாப்பாட்டுத் தட்டு, சிமெண்ட் தரை, மர மேசை, கடைசியில் சாக்குப்பை. எல்லாக் குழுவும் ஏறக்குறைய இதே வரிசைதான். பிறகு டிஜிட்டலின் முனையை ஒவ்வொன்றிலும் பஞ்சால் அழுத்திப் பிடித்து அளந்தோம். கழிக்க வேண்டியதைக் கழித்தால், கம்பியும் தட்டும் தரையும் மேசையும் சாக்கும் 28, 29 டிகிரிக்குள் அடங்கிவிட்டன. தெர்மாமீட்டர் கெட்டுவிட்டது என்று ஒரு பையன் தீர்ப்பளித்தான். அவனையே ஐஸ் தண்ணீரில் மறுபடி சோதிக்கச் சொன்னேன். அதே 1 வந்தது. கருவியில் குற்றமில்லை.

நம் தோலின் சூடு 33 டிகிரியை ஒட்டி இருக்கும். 29 டிகிரியில் உள்ள எதைத் தொட்டாலும் வெப்பம் கையிலிருந்து அதற்குள் போகும். இரும்பு அதை வாங்கி உள்ளே உள்ளே அனுப்பிக்கொண்டே இருக்கிறது. மரம் வாங்கியதைத் தொட்ட இடத்திலேயே வைத்துக்கொள்வதால் அந்த இடம் சீக்கிரம் கையின் சூட்டுக்கு வந்துவிடுகிறது. ஆகவே கை அளப்பது பொருளின் சூட்டை அல்ல, தன்னிடமிருந்து வெப்பம் போகிற வேகத்தை. இதைக் கரும்பலகையில் எழுதிப் போட்டேன். யாரும் ஏற்றுக்கொண்டதாகத் தெரியவில்லை.

அதனால் கரண்டிச் சோதனை. வீட்டிலிருந்து எவர்சில்வர் தேக்கரண்டி, அலுமினியக் கரண்டி, பித்தளைக் கரண்டி, சிரட்டை அகப்பை ஆகியவை வந்தன. ஒவ்வொன்றின் காம்பிலும், தண்ணீர் மட்டத்துக்கு மூன்று விரல் மேலே, மெழுகுவர்த்தி மெழுகால் ஒரு சிறுபயறை ஒட்டினோம். வெண்ணெயால் ஒட்டலாம் என்று பல புத்தகங்கள் சொல்கின்றன. குளிர் நாட்டுக்கு அது சரி. நம் ஊர் நண்பகலில் வெண்ணெய் தானாகவே உருகி வழியும். மெழுகு உருக 55 டிகிரி அளவுக்குச் சூடு வேண்டும், அதனால் ஏமாற்றாது. எல்லாவற்றையும் ஒரே பானையில் நிறுத்தி, சத்துணவு அக்கா கொதிநீரை ஊற்றினார். கொதிநீரைத் தொடுவது அவரும் நானும் மட்டும் என்பது முதலிலேயே பேசி வைத்தது.

எது முதலில் விழும் என்று பந்தயம். பளபளப்பைப் பார்த்துப் பெரும்பாலோர் எவர்சில்வர் பக்கம் நின்றார்கள். அலுமினியத்தில் ஒட்டிய பயறு முதலில் சரிந்தது. சற்று நேரத்தில் பித்தளை. எவர்சில்வர் பயறு அசையவே இல்லை. மெழுகு கொஞ்சம் பளபளத்தது, அவ்வளவுதான். அகப்பையைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். உலோகம் என்றால் வெப்பத்தை நன்றாகக் கடத்தும் என்று ஒரே வரியில் படித்தவர்களுக்கு இது சிக்கல். எவர்சில்வரும் உலோகம்தான், ஆனால் இரும்போடு குரோமியமும் நிக்கலும் கலந்த அந்தக் கலவை வெப்பத்துக்குச் சோம்பேறி. ஒரே அளவுள்ள துண்டில் அலுமினியம் அதைப்போல் ஏறத்தாழ 15 மடங்கும், செம்பு 25 மடங்கும் கடத்தும். எவர்சில்வர் பாத்திரத்தின் அடியில் செம்போ அலுமினியமோ வைத்து விற்பது இதனால்தான்.

“கரண்டி எல்லாம் ஒரே தடிமன் இல்லையே, சார்?” என்று கேட்டது ஒரு நான்காம் வகுப்புச் சிறுமி. நியாயமான ஆட்சேபணை. அலுமினியக் கரண்டி எவர்சில்வர் தேக்கரண்டியைவிட நல்ல தடிமன். ஆகவே மறுமுறை கம்பிகள். எலக்ட்ரீஷியன் ஒருவர் எர்த்துக்குப் போட்டு மிஞ்சிய செம்புக் கம்பித் துண்டு கொடுத்தார். சைக்கிள் கடையில் ஒரு பழைய ஸ்போக்ஸ் கிடைத்தது. மூன்றாவதாக விளக்குமாற்றிலிருந்து உருவிய ஈர்க்கில். மூன்றும் ஏறக்குறைய ஒரே பருமன். செம்புக் கம்பிப் பயறு விழுந்து, ஸ்போக்ஸ் நெடுநேரம் யோசித்து விழுந்தது. ஈர்க்கில் தண்ணீர் ஆறும் வரை பயறைப் பிடித்துக்கொண்டு நின்றது. சிறுமி தன் நோட்டில் படம் வரைந்து, அகப்பைக்குச் சிரட்டை ஏன், காம்பு ஏன் என்று தானே எழுதிக்கொண்டாள்.

வெப்பச் சலனத்துக்குப் பாட்டில் சோதனை ஒன்று போதும். சிறிய மருந்துப் பாட்டிலில் வெந்நீரும் சொட்டு நீலமும் விட்டு, அதைப் பெரிய கண்ணாடிச் சாடியில் உள்ள பச்சைத் தண்ணீருக்கு அடியில் நிறுத்தினால், நீலம் புகைபோல எழுந்து மேலே போய்ப் படரும். சூடான நீர் விரிந்து லேசாகி மேலே போகிறது, குளிர்ந்தது கீழே இறங்குகிறது. ஆனால் இந்த ஊரில் சலனத்தைச் சாடிக்குள் மட்டும் காட்டுவது வீண். ஐந்தாம் வகுப்பில் ஒரு பையனுடைய பாட்டாவுக்குக் குலசேகரம் பக்கம் ரப்பர் தோட்டமும் ஷீட் உலர்த்தும் புகைக்கூடமும் உண்டு. அவரிடம் அனுமதி கேட்டுப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போனேன்.

புகைக்கூடத்தின் உள்ளே கண் எரியும், ஆகவே ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு நிமிடம்தான். தரையில் நெருப்புக்குழி, அதில் ரப்பர் விறகும் கதம்பையும் கனிந்துகொண்டிருந்தன. மேலே கழிகளில் அடுக்கடுக்காக ஷீட்டுகள். புதிதாகப் போட்டவை பால் வெள்ளையாகவும், நாள்பட்டவை தேன் நிறத்தில் கண்ணாடிபோல ஒளி ஊடுருவுவதாகவும் இருந்தன. கூரைக்கு அருகில் புகை போகத் திறப்பு. அடியில் காற்று வரச் சிறு துவாரங்கள். தெர்மாமீட்டரை நீண்ட கம்பில் கட்டி உயர்த்தினோம். கீழ் வரிசையில் 47, மேல் வரிசையில் 56. மேல் திறப்பைச் சாக்கால் அடைத்தால் என்ன ஆகும் என்று ஒருவன் கேட்க, பாட்டா கோபப்படவில்லை. “அடைத்தால் அடியில் காற்று வராது, நெருப்பு புழுங்கும், ஷீட்டில் கரி படியும்” என்றார். சூடான காற்று மேலே போனால்தான் குளிர்ந்த காற்று கீழே நுழையும் என்பதை இதைவிடச் சுருக்கமாக எந்தப் பாடநூலும் சொல்லாது.

கடற்காற்றும் இதே கதைதான். வெயிலில் மணல் தட்டு ஒன்றும் தண்ணீர்த் தட்டு ஒன்றும் வைத்து அளந்தால் மணல் கிடுகிடுவென ஏறும், தண்ணீர் மெதுவாக நகரும். ஒரு கிலோ தண்ணீரை ஒரு டிகிரி உயர்த்த, ஒரு கிலோ மணலுக்கு வேண்டியதைப்போல ஏறக்குறைய ஐந்து மடங்கு வெப்பம் வேண்டும். பகலில் கரை சூடாகி, அதன் மேல் உள்ள காற்று எழ, கடலிலிருந்து காற்று உள்ளே வருகிறது. இரவில் திரும்புகிறது. குளச்சலில் தாய்மாமன் கட்டுமரம் வைத்திருக்கும் பையனுக்கு எந்த நேரத்துக் காற்று எந்தப் பக்கம் என்று என்னைவிட நன்றாகத் தெரியும். அவனுக்குத் தெரியாதிருந்தது காரணம் மட்டும்.

இனிப் பெட்டி. வெளிக்கூடு, பழக்கடையில் கேட்டு வாங்கிய ஆப்பிள் அட்டைப்பெட்டி. நடுவில் ஒரு லிட்டர் பிடிக்கும், மூடியுள்ள அலுமினியப் பாத்திரம். இரண்டுக்கும் நடுவே எல்லாப் பக்கமும் நான்கு விரல்களுக்குக் குறையாமல் நார் இருக்க வேண்டும். அடியிலும் மேலேயும் அதே கனம். பலரும் பக்கவாட்டில் பார்த்துப் பார்த்து அடைத்துவிட்டு மேலே மெல்லிய துணியைப் போட்டுவிடுவார்கள். வெப்பம் போக வழி தேடும்போது மேல்பக்கம்தான் முதலில் கிடைக்கும்.

கதம்பையிலிருந்து நார் எடுப்பது பிள்ளைகளுக்குப் பிடித்த வேலை, ஆசிரியருக்குத் தும்மல். நன்றாகக் காய்ந்த கதம்பையை எடுத்து, வெளித்தோலை உரித்துவிட்டு, கல்லின் மேல் வைத்து மரக்கட்டையால் அடிக்க வேண்டும். அடிக்க அடிக்க இழைகளுக்கு இடையில் ஒட்டியிருக்கும் பழுப்புத் தூள் கொட்டும். இரண்டு கையாலும் இழுத்துப் பிரித்து உதறினால் பொன்னிறமான நார் நிற்கும். தூளை எறியவில்லை, பள்ளித் தோட்டத்துக்குப் போய்ச் சேர்ந்தது. நாரை வெயிலில் பரப்பிக் காய வைத்து, பழைய வேட்டித் துணியில் தலையணைகளாகத் தைத்தோம். அடிக்கு ஒன்று, சுற்றிலும் நான்கு, மூடிக்கு ஒன்று. தையல் வேலையில் சத்துணவு அக்காவின் கை ஓங்கியிருந்தது.

எவ்வளவு அடைப்பது என்பதில் சண்டை. ஒரு குழு எவ்வளவு திணிக்க முடியுமோ அவ்வளவும் திணித்து, தலையணையைச் செங்கல்லாக்கி வைத்தது. இன்னொரு குழு நாரைச் சிக்கனம் செய்து, அமுக்கினால் தரை தட்டும்படி விட்டது. இரண்டும் கொஞ்சம் பின்தங்கின. காரணம் இதுதான்: சூட்டை நிறுத்துவது நார் அல்ல, நாருக்குள் மாட்டிக்கொண்ட காற்று. அசையாத காற்று வெப்பத்தைக் கடத்துவதில் தண்ணீரைவிட ஏறக்குறைய 25 மடங்கு மந்தம். இறுக்கித் திணித்தால் இழை இழையைத் தொட்டு வழி போட்டுக் கொடுக்கிறது. தளரவிட்டால் காற்று உள்ளேயே சுற்றிச் சலனத்தைத் தொடங்கிவிடுகிறது. அமுக்கிவிட்டுக் கையை எடுத்தால் பழையபடி எழுந்து நிற்கிற அளவே சரி. அதை விரலால் சோதிக்கப் பிள்ளைகள் உடனே கற்றுக்கொண்டார்கள்.

கயிறு திரிக்கும் வீட்டுப் பிள்ளை ஒருத்தி, தண்ணீரில் ஊறிய கதம்பையிலிருந்து எடுத்த நாரைக் கொண்டுவந்திருந்தாள். பார்க்க அதுதான் அழகு: நீளமாக, மென்மையாக, வெளுப்பாக. ஆனால் உள்ளே ஈரம் இருந்தது. அதை அடைத்த பெட்டி ஒரு மணி நேரத்தில் மற்றதைவிட ஏழெட்டு டிகிரி பின்தங்கியது. காற்று இருக்க வேண்டிய இடத்தில் தண்ணீர் உட்கார்ந்துவிட்டது. அதே நாரை இரண்டு நல்ல வெயிலில் காய வைத்து மறுபடி போட்டபோது மற்றவற்றோடு சமமாக நின்றது. ஈரத்தைப் பற்றிய இந்த விஷயம் பிறகு வேறு விதத்தில் திரும்பி வந்து எங்களைக் குழப்பியது. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

பிஸ்கட் உறையின் வெள்ளி உட்புறத்தைப் பாத்திரத்தைச் சுற்றி ஒட்டினால் கதிர்வீச்சும் தடைபடும் என்று இணையத்தில் நிறையப் படங்கள் பார்க்கலாம். ஒட்டினோம். ஒரு டிகிரி வித்தியாசம் வந்ததா என்பதே சந்தேகம். சுற்றிலும் நான்கு விரல் கனத்துக்கு நார் இருக்கும்போது கதிர்வீச்சைப் பிடிக்க அதுவே போதும். வெள்ளித்தாள் ஒட்டும் நேரத்தில் மூடித் தலையணையை இன்னும் நன்றாகத் தைக்கலாம்.

சோதனைக்கு ஒரே மாதிரிப் பாத்திரங்கள் இரண்டு. இரண்டிலும் ஒரு லிட்டர் கொதிநீர், இரண்டுக்கும் மூடி. ஒன்று மேசையில், ஒன்று பெட்டியில். தொடக்கத்தில் இரண்டும் 95. ஒரு மணி நேரம் கழித்து மேசைப் பாத்திரம் 61, பெட்டிக்குள் 84. இரண்டு மணி நேரத்தில் 45, 78. பள்ளி விடும் நேரத்தில், அதாவது நான்கு மணி நேரம் கழித்து, மேசையில் இருந்தது வெதுவெதுப்புக்கூட இல்லாமல் 33இல் நின்றது, பெட்டிக்குள் இன்னும் 68. வரைபடத் தாளில் புள்ளி வைத்து இணைத்தபோது மேசைக் கோடு முதலில் செங்குத்தாக விழுந்து, பிறகு படுத்துவிட்டது. சூடு அதிகமாக இருக்கும்போது ஏன் வேகமாக இறங்குகிறது, குறைந்த பிறகு ஏன் மெதுவாகிறது என்று யாரும் கேட்கமாட்டார்களா என்று காத்திருந்தேன். கேட்டார்கள். வெளிக்காற்றுக்கும் தண்ணீருக்கும் உள்ள வித்தியாசம் எவ்வளவோ அவ்வளவு வேகம். வித்தியாசம் தீர்ந்துவிட்டால் ஓட்டமும் நின்றுவிடும். நியூட்டன் இதை 1701இல் எழுதினார் என்றேன். ஆப்பிள் விழுந்ததற்குப் பிறகா முன்பா என்பதில்தான் அவர்களுக்கு அக்கறை.

அரிசியும் போட்டோம். சம்பா அரிசி வேக நேரம் எடுக்கும். ஊற வைத்து, பத்து நிமிடம் நன்றாகக் கொதிக்கவிட்டு, பாத்திரம் நிறைய இருக்கும்படி பெட்டிக்குள் வைத்தால் ஒன்றரை மணி நேரத்தில் கஞ்சிப் பதம். பாத்திரம் பாதி காலியாக இருந்தால் வேகாது. கொஞ்சத் தண்ணீரில் உள்ள வெப்பமும் கொஞ்சம்தான். வீட்டில் செய்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: 60 டிகிரிக்குக் கீழே இறங்கிய சோற்றைப் பெட்டிக்குள்ளேயே மாலை வரை விட்டுவைக்கக் கூடாது. கிருமிகளுக்கு அந்த வெதுவெதுப்பு மிகப் பிடிக்கும்.

இப்போது ஐஸ். மீன் சந்தைக்கு வரும் ஐஸ்தான் மலிவு. சோதனைக்கு மட்டும், வாயில் போடக் கூடாது என்று பலமுறை சொல்லி வாங்கினேன். அதே இரண்டு பாத்திரங்கள், ஒவ்வொன்றிலும் அரைக் கிலோ. ஒன்றை மேசையில் வைத்துவிட்டு, இரண்டாவதைப் பெட்டிக்கு மேலே பிடித்துக்கொண்டு கேட்டேன்: எது முதலில் உருகும்?

பெட்டிக்குள் வைத்ததுதான் என்று வகுப்பே கத்தியது. அது சூட்டுப் பெட்டி ஆயிற்றே, அதில் கஞ்சி வெந்ததே, ஐஸ் எப்படித் தாங்கும்? கயிறு வீட்டுச் சிறுமி மட்டும் கையைத் தூக்காமல் இருந்தாள். ஏன் என்று கேட்டதற்கு, “நாருக்குச் சூடு எங்கேயிருந்து வரும், சார்?” என்றாள். நான் பதில் சொல்லவில்லை. மூடித் தலையணையைப் போட்டு அமுக்கினேன்.

இடையில் திறந்து பார்க்க அனுமதி இல்லை என்பதுதான் அன்றைய தண்டனை. காத்திருக்கும் நேரத்தில் ஐஸ் ஹவுஸ் கதை. சென்னையில் கடற்கரைச் சாலையில் இன்று விவேகானந்தர் இல்லம் என்று இருக்கும் கட்டடம் 1842இல் ஐஸ் வைப்பதற்காகக் கட்டப்பட்டது. குளிர்பதன இயந்திரம் வராத காலம். அமெரிக்காவில் பாஸ்டன் பக்கத்து ஏரிகளில் குளிர்காலத்தில் உறைந்த நீரை அறுத்து, மரத்தூளில் பொதிந்து, பாய்மரக் கப்பலில் ஏற்றி, பூமத்திய ரேகையை இரண்டு முறை கடந்து இங்கே கொண்டுவந்தார்கள். அந்த வியாபாரத்தை நடத்தியவர் பிரெடெரிக் டியூடர். மாதக்கணக்கான பயணத்தில் ஒரு பங்கு உருகி ஓடினாலும் மீதி வந்து சேர்ந்தது. விவேகானந்தர் 1897இல் அந்தக் கட்டடத்தில் தங்கினார். நம் பாறை நினைவு மண்டபத்தைப் படகில் போய்ப் பார்த்த பிள்ளைகளுக்கு அவரைத் தெரியும், அவர் ஐஸ் கிடங்கில் தங்கியது தெரியாது. கிடங்கின் மரத்தூளும் எங்கள் கதம்பை நாரும் ஒரே வேலையைத்தான் செய்கின்றன என்பதை நான் சொல்லவில்லை. பின்வரிசையில் ஒருவன் தன் பக்கத்தில் இருந்தவனிடம் சொல்லிக்கொண்டிருந்தான்.

இரண்டு மணி நேரம். மேசைப் பாத்திரத்தில் நகத்தளவு ஐஸ் துண்டுகள் நீந்திக்கொண்டிருந்தன. வெளிப்புறம் முழுக்க வியர்த்து, மேசையில் குளம் கட்டியிருந்தது. பெட்டியைத் திறந்தோம். பாத்திரத்தை எடுத்துச் சாய்த்து நீரை அளவுக் குவளையில் வடித்தால் 120 மில்லி. மீதி கட்டியாகவே இருந்தது, மூலைகள் மட்டும் மழுங்கியிருந்தன. கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். ஐந்தாம் வகுப்புப் பையன் ஒருவன் பெட்டிக்குள் கையை விட்டு, நாரைத் துழாவித் துழாவிப் பார்த்தான். நான் அவனை நிறுத்தவில்லை.

அவர்களே சொன்ன விளக்கத்தைக் கரும்பலகையில் எழுதினேன்: சூடான பானையை வைத்தால் சூடு வெளியே போக விடாது, ஐஸை வைத்தால் வெளிச்சூடு உள்ளே வர விடாது, அதற்கு இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது. ‘குளிர் உள்ளே போகிறது’ என்று எழுத வந்தவனை மற்றவர்கள் தடுத்தார்கள். போவதும் வருவதும் வெப்பம் மட்டுமே, சூடான பக்கத்திலிருந்து குளிர்ந்த பக்கத்துக்கு. கையின் யோக்கியதை பற்றி முன்பு நான் எழுதிப்போட்ட வரியை அன்றுதான் சிலர் நோட்டில் எழுதிக்கொண்டார்கள்.

கதிர்வீச்சுக்கு நான் முதலில் நினைத்தது மணவாளக்குறிச்சிக் கருமணல். கறுப்பு மணலையும் வெள்ளை மணலையும் பக்கத்தில் பக்கத்தில் வெயிலில் வைத்தால் இதைவிட உள்ளூர்ச் சோதனை வேறில்லை. ஆனால் அந்த மணலில் இல்மனைட்டோடு மோனசைட்டும் கலந்திருக்கும். அதில் கதிரியக்கமுள்ள தோரியம் உண்டு. கொஞ்ச நேரம் தொட்டால் ஒன்றும் ஆகிவிடாது என்றாலும், பிள்ளைகளின் கையில் கொடுத்து மூக்கருகில் ஊதவிட எனக்கு மனமில்லை. இரண்டு பால்பவுடர் டின்கள் போதும். ஒன்றில் அடுப்புக் கரியைக் குழைத்துப் பூசினோம், மற்றதில் சுண்ணாம்பு. இரண்டிலும் ஒரே அளவு தண்ணீர், முற்றத்து வெயில். கறுப்பு டின் முந்தியது, எதிர்பார்த்ததுதான். இங்கே ஆச்சரியம் எதுவும் இல்லை. வெயிலில் கறுப்புக் குடை பிடித்து நடந்தவர்களுக்கு இது பாடமே அல்ல.

இனி ஈரம். பெட்டி செய்து முடித்த பிறகு, பள்ளி வாசல் வழியாக மீன் கொண்டுபோகும் அக்காவைப் பிள்ளைகள் நிறுத்தி, தங்கள் பெட்டியைக் காட்டினார்கள். அவரிடம் தெர்மோகோல் பெட்டி, அதன் மேல் நனைந்த சாக்கு. நார்ப்பெட்டியை நன்றாகப் பார்த்துவிட்டு, “மேலே ஈரச்சாக்குப் போடவில்லையா, மக்களே?” என்றார். ஈரம் ஆகாது, ஈர நார் தோற்றுப் போனது என்று பிள்ளைகள் ஒரே குரலில் சொன்னார்கள். “நான் தினமும் போடுகிறேனே” என்று அவர் சிரித்துவிட்டுப் போனார். இரண்டும் எப்படிச் சரியாக இருக்க முடியும்?

உள்ளே இருக்கும் ஈரம் வேறு, வெளியே காற்றில் காயும் ஈரம் வேறு. தண்ணீர் ஆவியாகும்போது ஒவ்வொரு கிராமும் தன்னோடு பெரும் வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகிறது. ஒரு கிராம் ஐஸ் உருகுவதற்கு வேண்டியதைப்போல ஏழு மடங்கு. மண்பானைத் தண்ணீர் குளிர்வதும் அப்படித்தான். தெர்மோகோல் நீரை உறிஞ்சாது, ஆகவே அக்காவின் சாக்கு வெளியே மட்டும் வேலை செய்கிறது. எங்கள் அட்டைப்பெட்டியின் மேல் போட்டால் அட்டை ஊறி, நாரும் ஊறி, காரியம் கெடும். எனவே பெட்டியை விட்டுவிட்டுத் தெர்மாமீட்டரின் குமிழில் ஈரத்துணி சுற்றி நிழலில் தொங்கவிட்டோம். பக்கத்தில் துணியில்லாத ஒன்று. 30 டிகிரிக் காற்றில் ஈரத்துணி 26 காட்டியது. கடற்கரைக் காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருப்பதால் அதற்கு மேல் இறங்கவில்லை.

காற்று காய்ந்திருந்தால் இன்னும் இறங்குமா என்பது அடுத்த கேள்வி. ஆரல்வாய்மொழியில் பெரியம்மா வீடு உள்ள பையன், கணவாய்க் காற்று அடிக்கும்போது அளந்து வருவதாகச் சொல்லித் தெர்மாமீட்டர்கள் இரண்டையும் பஞ்சில் சுற்றி எடுத்துப் போனான். காற்றாலைகளுக்கு எதிரே உள்ள வீடு, காற்றுக்குக் குறைவில்லை. அவன் எழுதி வந்தது: துணியில்லாதது 33, ஈரத்துணி 26. நாலு டிகிரிக்குப் பதில் ஏழு. காற்று வேகமாக அடித்ததாலா, காய்ந்திருந்ததாலா என்று கயிறு வீட்டுச் சிறுமி கேட்டிருக்கிறாள். வகுப்பறையில் மின்விசிறிக்குக் கீழே ஒன்றும், விசிறி இல்லாத மூலையில் ஒன்றுமாக ஈரத்துணித் தெர்மாமீட்டர்களைத் தொங்கவிட வேண்டும். அதற்கு விசிறியைப் பழுது பார்க்க ஆள் வரச் சொல்லியிருக்கிறேன்.